சத்திரசிகிச்சைக்கு முந்திய அச்சமும் குருதியமுக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

1846 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16 ஆந் திகதி, பொஸ்ரன் நகரின் மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் ஈதர் மயக்கம் பகிரங்கமாகச் செய்துகாட்டப்பட்டது. அன்று சத்திரசிகிச்சையின் வலி வெல்லப்பட்டது. அதற்கு முந்திய அச்சமோ எஞ்சி நின்றது. குளோரபோமுக்கு முன்னர் மோர்பீனை ஏற்றினால் மயக்கம் எளிதாகும் எனப் பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் குளோட் பேர்னாட் 1860 களிற் கண்டமை முன்மருந்து வழக்கத்துக்கு வித்திட்டது. தொடக்கத்தில் அவ்வழக்கம் நோயாளியின் மனவமைதியை விட மயக்கமளிப்பவரின் வசதிக்கே பெரிதும் உதவியது எனலாம்.

அச்சத்தின் விளைவை எண்ணாற் காட்டும் கருவி பின்னரே கிடைத்தது. இத்தாலியரான றிவா-றொச்சி 1896 இல் அமைத்த குருதியமுக்கமானியை, 1901 இல் பாவியா நகரிற் கண்ட ஹார்வி குஷிங் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். 1903 இல் சத்திரசிகிச்சையிற் குருதியமுக்கம் பற்றித் தனிநூல் வெளியிட்ட கிளீவ்லாந்து வைத்தியர் ஜோர்ஜ் கிறைல், அச்சமும் காயத்தைப் போலவே உடலை அதிர்ச்சிக்குள்ளாக்கும் என வாதிட்டார். அவர் மோர்பீனையும் ஸ்கோப்பொலமைனையும் முன்கூட்டியே கொடுத்தார். அத்துடன் அமையாது, கழலை நோயாளருக்கு நாள்தோறும் மயக்கமளிப்பது போன்ற பாவனை செய்து பழக்கி, உண்மையான நாள் எதுவென அவர்கள் அறியாவண்ணம் சுரப்பியை அகற்றினார். ‘சுரப்பியைத் திருடல்’ என்றே இது பெயர்பெற்றது. நோயாளியின் சம்மதத்தைப் புறக்கணித்த இம்முறை இன்று கண்டனத்துக்குரியது. ஆயினும் அச்சத்தை நோயின் ஒரு கூறாகவே மதித்தவர் கிறைல் என்பதை மறுத்தல் இயலாது.

முதியோரிடத்து இப்பிரச்சினை கூர்மையடைகின்றது. அஞ்சுமிடத்து அதிரினலின் சுரந்து குருதிக்குழாய்கள் ஒடுங்க, அமுக்கம் உயர்கின்றது. முதுமையில் நாடிகள் விறைத்திருப்பதால் அவ்வேற்றம் பெரிதாகலாம். மயக்கமருந்து ஏறியதும் வீழ்ச்சியும் பெரிதாகலாம். சிகிச்சை பெறாத மிகையமுக்க நோயாளரிடம் இவ்வீழ்ச்சி கடுமையானது என்பதை 1971 இல் ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த பிறிஸ்-றொபேட்ஸ் குழுவினர் எடுத்துக்காட்டினர். எனவே அமைதியூட்டும் மருந்தே விடை எனப் பலர் கருதியதில் வியப்பில்லை. 1960 களில் டயசிபாமும் 1980 களில் மிடசோலாமும் அவ்விடத்தைப் பிடித்தன. ஆனால் மிடசோலாம் முதியோரின் சுவாசத்தைத் தளர்த்திய நிகழ்வுகளால் அதன் அளவைக் குறைக்க நேர்ந்தது.

இதனிடையே, ஈதர் அரங்கேறிய அதே பொஸ்ரன் வைத்தியசாலையில் எக்பேட்டும் அவர்தம் சகாக்களும் செய்த ஆய்வொன்று 1963 இல் வெளியாகியிருந்தது. பென்ரோபாபிற்றல் பெற்றோர் தூக்கக்கலக்கமுற்றனர், அமைதியுறவில்லை. மயக்க வைத்தியர் முன்னரே சந்தித்து, நிகழவிருப்பதை விளக்கிய நோயாளரோ தூக்கமின்றியே அமைதியுற்றிருந்தனர். தூக்கம் வேறு, அமைதி வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டிய ஆய்வு அரிது. எனினும் மருந்து கொடுக்கும் வழக்கம் பல்லாண்டு தொடர்ந்தது; ஒரு குளிசையைக் கொடுப்பதிலும் ஒரு முதியவரின் அருகே அமர்ந்து பேசுவதற்கு நேரம் கூடுதலாகவே வேண்டும்.

2024 இல் வெளியான ஜேர்மானிய ஆய்வு, 65 முதல் 80 வரையான வயதினர் அறுநூற்றுக்கு மேற்பட்டோரை எடுத்துக்கொண்டது. ஒரு சாராருக்கு 3.75 மில்லிகிராம் மிடசோலாமும் மறுசாராருக்குப் போலிமருந்தும் வாய்வழி கொடுக்கப்பட்டன. போலிமருந்து பெற்றோரிடையே மிகையமுக்கம் கூடுதலாகக் காணப்பட்டது. அவ்வளவில் மருந்து தன் வேலையைச் செய்தது. ஆனால் தமக்குக் கிடைத்த பராமரிப்புப் பற்றி நோயாளரையே வினவியபோது இருசாராரின் திருப்தியிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. மிகுந்த அச்சத்துடன் வந்தோரிடத்தும் முடிவு அதுவேயாயிற்று.