இணையவழிக் கற்றல் (இலங்கை, தமிழ்மொழிமூலம்)

பாடநூல், வினாத்தாள், காணொளி ஆகியவற்றை இணையத்தில் பெற்றுக் கற்கும் முறை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் மும்மொழியிலும் பாடங்களைத் தருகிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களை இலவசமாகத் தரவிறக்கலாம். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடி எவரும் படிக்கத் திறந்து வைத்திருக்கிறது. உயர்தரத் தமிழ் மாணவருக்கும் ஆசிரியருக்கும் இதற்கு ஈடான இன்னொரு களஞ்சியம் இல்லை.

2020 மார்ச்சில் கோவிட் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இம்முறை ஒரேயடியாகப் பரவியது. ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் செயலட்டையைப் போடுவார். பிள்ளை கொப்பியில் விடை எழுதிப் படமெடுத்து அனுப்பும். அவர் அந்தப் படத்தின் மேலேயே சிவப்பில் திருத்தித் திருப்பி அனுப்புவார். சூம் வகுப்பு அடுத்து வந்தது. கொழும்பின் புதுக்கடை, கொட்டாஞ்சேனை போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் இதற்குத் தடையாக இருந்தவை டேட்டாச் செலவும், சகோதரர்கள் முறைவைத்துப் பயன்படுத்திய ஒற்றைக் கைத்தொலைபேசியும். 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. ஒக்டோபர் வரை அது நீடித்தது.

தமிழுக்கே உரிய சிக்கல் எழுத்துரு. ஒருங்குறி (யூனிகோடு) அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பாடக்குறிப்பைத் தேடுபொறி தமிழாக அறியாது. ஆகவே, உழைத்துத் தயாரித்த குறிப்பும் தேடுவோர் கைக்கு எட்டாது. ஆசிரியர்கள் ஒருங்குறிக்கு மாறுவது புதிய செயலிகளைவிட அவசரமானது.