பகுதி வடமொழி, விகுதி தமிழ்

கி.பி. 13ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம் தமிழ்ச் சொல்லாக்க வரலாற்றில் இரு பெரும் பணிகளைக் கண்டது. ஒன்று பவணந்தி முனிவரின் நன்னூல். மற்றொன்று திருவரங்கத்தில் வளர்ந்த திவ்வியப் பிரபந்த உரைகள். முன்னது சொல்லைப் பகுத்துக் காட்டியது. பின்னது சொல்லைப் புதிதாகக் கட்டிக் காட்டியது. இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கினால், ஒரு சொல்லைத் தமிழ்ச்சொல் ஆக்குவது எது என்னும் வினாவுக்கு விடை கிடைக்கின்றது.

பகுபத உறுப்புகளைப் 'பதவியல்' என்னும் தனி இயலில் வைத்து விளக்கியது நன்னூலின் தனிச்சிறப்பு. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என உறுப்புகள் ஆறு. 'நடந்தனன்' என்னும் சொல்லில் 'நட' பகுதி. முதல் தகர மெய் சந்தி, அது நகர மெய்யானது விகாரம். அடுத்த தகர மெய் இறந்தகால இடைநிலை. முதல் 'அன்' சாரியை, இறுதி 'அன்' விகுதி. திரிசிரபுரத்தை அடுத்த அதவத்தூரில் 1815இல் தோன்றிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தம் மாணாக்கர்க்குப் பாடம் சொன்ன இலக்கணமும் இதுவே. அப்பதவியலின் இறுதியிலேயே வடமொழியாக்கமும் கூறப்படுகின்றது. ஆயினும் அங்குச் சொல்லப்படுவது வடவெழுத்து தமிழில் திரியும் முறையே. வடசொல் தமிழ் வினையாகும் முறையன்று.

அம்முறையைக் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவில் காண்கிறோம். நம்பிள்ளை நிகழ்த்திய திருவாய்மொழி விரிவுரையை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏட்டில் எழுதினார். 'ஈடு' எனப்படும் அவ்வுரை 36,000 படி அளவினது. அதன் நடை மணிப்பிரவாளம். எழுத்துக் கலப்பை 'விரவியல்' என்றும், சொற்கலப்பை 'மணிப்பிரவாளம்' என்றும் 11ஆம் நூற்றாண்டின் வீரசோழியம் முன்னரே பிரித்துப் பெயரிட்டுள்ளது.

இவ்வுரைகளில் 'அனுபவித்தான்', 'ஆச்ரயிக்கை', 'ரட்சிக்கை' போன்ற சொற்கள் பரவலாகப் பயில்கின்றன. 'அனுபவித்தான்' என்பதைப் பதவியல் நெறியில் பகுத்தால், 'படித்தான்' என்பதோடு அது உறுப்புக்கு உறுப்பு ஒத்திருக்கும். அனுபவி என்பது பகுதி; தகர மெய் சந்தி; அடுத்த தகர மெய் இடைநிலை; 'ஆன்' விகுதி. வடமொழியில் 'அனு' என்பது முன்னொட்டு. தமிழ்ப் பகுபதமோ பகுதியை முதலாகக் கொண்டே தொடங்குவது. ஆகவே அவ்வொட்டும் பகுதிக்குள் அடங்கிவிட்டது. 'வருகை', 'செய்கை' என்பவற்றில் உள்ள 'கை' விகுதியே 'ரட்சிக்கை' என்பதிலும் நிற்கின்றது. இவ்வழி உரையாசிரியர் கண்டதன்று. 'சிந்தித்தல்' தேவாரத்திலேயே உண்டு. அவர்கள் அதனை நெடுஞ்சாலை ஆக்கினர்.

ஏட்டில் வடசொற்பகுதி கிரந்த எழுத்திலும், அதனைத் தொடரும் விகுதி தமிழ் எழுத்திலும் அமைவதுண்டு. ஒரே சொல்லின் பொருத்துவாய் கண்ணுக்கே புலனாகும். கேரளத்தின் 14ஆம் நூற்றாண்டு நூலாகிய லீலாதிலகம் கூறும் மணிப்பிரவாளத்தில், வடசொற்கள் வடமொழி வேற்றுமை உருபுகளுடனேயே வரும். அரங்கத்து உரைகளில், மேற்கோள்கள் நீங்கலாக, பெரும்பாலும் தமிழ் உருபுகளே ஆட்சி செய்கின்றன.

இதற்கு ஒரு விலையும் கொடுக்க நேர்ந்தது. வடமொழிப் பயிற்சி இல்லாத தமிழர்க்கு அவ்வுரைகள் எட்டாக்கனி ஆயின. அக்குறையைப் போக்கியது பு.ரா. புருஷோத்தம நாயுடு இயற்றி, சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'ஈட்டின் தமிழாக்கம்'. சொற்களை மாற்றுவதே அங்குப் பெரும்பணி. வாக்கியத்தைத் தாங்கும் எலும்புக்கூடு முன்னரே தமிழாக இருந்தது.

ஆங்கிலத்தின் வரலாறும் இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது. 1066இல் நார்மானியர் வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் புகுந்தன. 'ஏபிள்' என்னும் பிரெஞ்சு ஒட்டு, 'டிரிங்க்' என்னும் பழஞ்சொல்லோடு கூடி 'டிரிங்கபிள்' எனவும் ஆயிற்று. எனினும் இறந்தகாலம் காட்டும் 'எட்' பழைய ஒட்டே. தமிழிலும் பாரசீகத் 'தார்' என்னும் ஒட்டு 'பங்குதாரர்' என்பதில் குடியேறியது. அங்கும் ஈற்றில் நிற்பது தமிழ் 'அர்'. வேர்களும் பெயராக்க ஒட்டுகளும் எல்லை கடக்கும். காலமும் பாலும் காட்டும் உறுப்புகள் எளிதில் இடம்பெயரா.

இன்று ஆங்கில வினையைத் தமிழ் ஏற்கும் முறை வேறு. 'போன் செய்தான்', 'டைப் பண்ணினான்' என்பவற்றில் ஆங்கிலச்சொல் வாயிலிலேயே நின்றுவிடுகின்றது. காலமும் பாலும் ஏற்பது துணைவினை. வேற்றுமொழிச் சொல்லைப் பகுதியாகவே உட்கொண்டு செரித்த ஆற்றல் தளர்ந்ததன் அடையாளமாக இதனைக் கருத இடமுண்டு.

1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம், சொல் எங்கிருந்து வந்தது என்னும் விழிப்பை ஊட்டியது. அவ்விழிப்பு இன்றியமையாதது. அதனோடு மற்றொரு வினாவும் கவிஞர்க்கு உரியது: புதிதாகப் படைக்கப்படும் சொல் இடைநிலையும் விகுதியும் ஏற்று, முக்காலத்திலும் நடக்க வல்லதா? அவ்வாறு நடக்கும் சொல்லே மக்கள் நாவில் நிலைபெறும்.