மரக்கிளையில் ஒரு வரலாற்றுச் சான்று

உத்திரமேரூர் என்றவுடன் குடவோலை முறை நம் நினைவிற்கு வரும். முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921-இல், பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் அங்கே அதனைக் கூறுகின்றன. கல்வெட்டைப் போலவே முதிர்ந்த செடியையும் படிக்கலாம். அவ்வூர்ப் பக்கத்து மாமரக் கிளையொன்றில் நின்ற ‘வாண்டா டெசலேட்டா’ என்னும் ஆர்க்கிட் செடியை நான் அவ்வாறு படித்துப் பார்த்தேன்.

இதனைப் புல்லுருவி என்று கருதி வெட்டியெறிவோர் உண்டு. பெயரும் இப்பழிக்கு இடந்தருகிறது. ‘வந்தா’ என்னும் வடசொல் புல்லுருவி போன்ற செடிகளைக் குறிப்பது. அப்பெயரை இச்செடிக்கு வழங்கிய சர் வில்லியம் ஜோன்சின் குறிப்பு 1795-இல் வெளிவந்தது. அவ்வாண்டே சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றிய ராக்ஸ்பரோவின் நூலிலும் இச்செடி இடம்பெற்றது. 1820-இல் ராபர்ட் பிரௌன் வாண்டாவைத் தனிப் பேரினமாக நிறுவினார்.

புல்லுருவி மரத்தினுள் வேர் செலுத்திச் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் அவ்வாறு செய்வதன்று. பட்டையைப் பற்றி நிற்பதோடு சரி. அதன் வேர்களின் மேலுள்ள பஞ்சு போன்ற வெண்போர்வை மழைநீரை ஏற்றுக் கொள்கிறது.

வாண்டாவின் தண்டு நுனியிலேயே வளர்வது. ஆகவே கீழுள்ளது பழமை, மேலுள்ளது புதுமை. நான் கண்ட செடியில், உதிர்ந்த இலைகள் தழும்புகளை விட்டுச் சென்றிருந்தன. இலைக் கக்கங்களில் நின்ற காய்ந்த காம்புகள் முன்பு பூத்த பருவங்களைக் காட்டின. நடுவே சில இலைகள் குறுகியும், அவற்றுக்கு மேலுள்ளவை நீண்டும் இருந்தன. மழை குன்றிய ஒரு காலமும், பின்னர் அது செழித்த காலமும் வந்து போயின என ஊகிக்கலாம். எனினும் ஓராண்டுக்கு இத்தனை இலை என்னும் நிலையான கணக்கு இல்லை. அடித்தண்டு மட்கிப் போவதும் உண்டு. நிகழ்ச்சிகளின் வரிசையை அறியலாம். ஆண்டை அறுதியிட இயலாது. வரலாறு பயிலும் மாணவர்கள் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் நன்று.

செடியின் தொடக்கமோ தண்டில் பதியவே இல்லை. தூசி போன்ற அதன் விதையில் சேமித்த உணவு இல்லையென்றே கூறலாம். இயற்கையில் தக்க பூஞ்சையின் துணையின்றி அது செடியாவதில்லை. இதனை 1899-இல் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார் கண்டறிந்தார். 1922-இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், சர்க்கரை சேர்த்த ஊட்டக்கூழில் பூஞ்சையின்றியே விதைகளை முளைக்கச் செய்தார்.

எண்ணற்ற விதைகளுள் மிகச் சிலவே பட்டையில் அத்துணையைப் பெற்று, பல கோடைகளைத் தாங்கி, முதிர்ச்சி அடைகின்றன. அத்தகைய செடியைப் பிடுங்க ஒரு நொடி போதும். ஆதலின் பழி கூறுமுன் வேரைப் பாருங்கள். தண்டின் தழும்புகளை எண்ணுங்கள். சான்றைப் படித்த பின்னரே தீர்ப்புக் கூறுதல் வரலாற்று மாணவரின் கடமையன்றோ?