காதுக்கு யார் பொறுப்பு?

காது கேட்காதவருக்குக் கருவி கொடுப்பது யாருடைய கடமை? உலகம் இதற்கு முதலில் பதில் தேடியது படைவீரர்களுக்காகத்தான்.

இரண்டாம் உலகப் போரில் பீரங்கிச் சத்தத்தில் செவிப்புலன் போனவர்களுக்கு அமெரிக்கா இராணுவ வைத்தியசாலைகளிலேயே தனிப் பிரிவுகள் அமைத்தது. பென்சில்வேனியாவில் 1944 முதல் ரேமண்ட் கார்ஹார்ட் செய்த வேலைதான் ஓடியோலஜி என்ற துறைக்கே அடித்தளம். பிரித்தானியா 1948 ஜூலை 5இல் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கியபோது 'மெட்ரெஸ்கோ' என்ற கருவியை மக்களுக்கு இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்தது.

அதே 1948இல்தான் இலங்கையில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத் தமிழர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அரசாங்கம் 'நம்முடையவர்' என்று ஏற்றவருக்குத்தானே கருவி கொடுக்கும்?

தோட்டத்தில் வைத்தியமே இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1872இலேயே அதற்கு ஒரு கட்டளைச் சட்டம் இருந்தது. 1912இல் இன்னும் இரண்டு வந்தன. 1916இல் ரொக்பெல்லர் நிதியத்தினர் கொக்கிப்புழுவை ஒழிக்கத் தோட்டங்களுக்கு வந்தார்கள். கவனித்துப் பாருங்கள்: கொக்கிப்புழு வந்தால் இரத்தம் குறையும், ஆள் வேலைக்கு வரமாட்டார். கொலரா வந்தால் லயமே காலியாகும். வேலையை நிறுத்தும் நோய்க்குத்தான் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து இருந்தது. காது மந்தமானவர் மறுநாளும் பெரட்டுக்கு வந்துவிடுவார். அதனால் அது நோயாகவே கணக்கில் வரவில்லை.

கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் தேயிலை ஸ்டோரும் இருக்கிறது, றப்பர் அரைக்கும் மெசினும் இருக்கிறது. கொழுந்து உருட்டும் ரோலரும் காய வைக்கும் விசிறியும் இரவு பகலாக ஓடும். உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்க்கலங்கள் அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. முதலில் மெல்லிய, உயர்ந்த ஒலிகள் போகும். அதனால்தான் தப்புச் சத்தம் கேட்கிற தாத்தாவுக்குப் பேத்தி பேசுவது விளங்குவதில்லை. வீட்டில் அதை 'வயசாகிவிட்டது' என்று முடித்துவிடுகிறார்கள்.

போரில் காயமடைந்த படையினரைக் கவனிக்க 1999இல் ரணவிரு சேவா அதிகாரசபை உருவானது. நல்ல விடயம். நாற்பது வருடம் மெசினுக்குப் பக்கத்தில் நின்றவருக்கு அப்படி ஒன்று இல்லை. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போயின. 2003இல் நாடற்றவர் பிரச்சினைக்குச் சட்டம் தீர்வு கண்டது. ஆனால் ஓய்வு பெற்றவர் இப்போது தோட்டத்துக்கும் ஆள் இல்லை. காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குப் போக டவுனுக்கு இறங்க வேண்டும். கூடப் போகும் மகனுக்கோ மகளுக்கோ அன்றைய பெயர் விழாது. கருவி கிடைத்தாலும் அதன் சிறிய பற்றரி ஓரிரு வாரம்தான் தாங்கும்.

தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கும் நண்பர்களே, பிள்ளைகளிடம் வீட்டில் பாட்டி, தாத்தாவுக்குக் காது கேட்கிறதா என்று கேளுங்கள். கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்தால் கருவிக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. எழுதத் தெரியாதவருக்கு அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது நமக்குப் பத்து நிமிட வேலை.

ஸ்டோரில் நின்ற வருடங்களையும் அந்தப் படிவத்தில் எழுதுங்கள். அந்தக் காது எங்கே போனது என்பது ஓரிடத்திலாவது பதிவாகட்டும்.