பாவசங்கீர்த்தனம்

பாவசங்கீர்த்தனம் கத்தோலிக்கத் திருச்சபையின் ஏழு அருட்சாதனங்களுள் ஒன்று. பாவச் சுமையால் மனம் நொந்தவர் தம் குற்றங்களைக் குருவிடம் வாய்விட்டுச் சொல்லி, அவர் வழியாக இறைவனின் மன்னிப்பைப் பெறும் சடங்கு இது. வழிபாட்டு நூல்கள் இன்று இதை ஒப்புரவு அருட்சாதனம் என்கின்றன. மக்கள் பேச்சில் பழைய பெயரே நிலைத்திருக்கிறது.

பெயர்

சங்கீர்த்தனம் என்பது இசையுலகில் பாடிப் புகழ்தலைக் குறிக்கும். இங்கு எடுத்துரைத்தல் என்று பொருள். கோயம்புத்தூர் - பாலக்காடு சாலையில் வாளையாரைக் கடந்து கேரளத்துக்குள் சென்றால் இதே சடங்குக்குக் கும்பசாரம் என்று பெயர். ‘கொன்ஃபெசார்’ என்ற போர்ச்சுக்கீசியச் சொல் மலையாளத்தில் எடுத்த வடிவம் அது.

வரலாறு

ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்பதை 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் கட்டாயமாக்கியது. தமிழகத்தில் 1535 முதல் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் திருமுழுக்குப் பெற்றனர். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் அங்கு வந்தார். பரதவர்களின் பாவங்களைக் கேட்க வந்த குருக்களுக்குத் தமிழ் தெரியாது. இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். மறைவாகச் சொல்ல வேண்டியதை மூன்றாம் ஆள் காதில் விழச் சொல்வது எவருக்கும் கூசும்.

இந்தத் தடையை நீக்கியவர் 1546-இல் இந்தியா வந்த இயேசு சபைக் குரு என்றிக் என்றிக்கஸ் (1520-1600). தமிழில் அண்டிரிக் அடிகளார் என அறியப்படும் இவர் தமிழ் கற்று, இலக்கணமும் எழுதினார். இவரது ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூல் 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் அச்சேறியது. 16 பக்கம் கொண்டது. ‘கிரிசித்தியானி வணக்கம்’ 1579-இல் கொச்சியில் வெளிவந்தது. 1580-இல் அதே கொச்சியில் அச்சானது ‘கொம்பெசியொனாயரு’. பாவசங்கீர்த்தனத்துக்கு மக்களை ஆயத்தப்படுத்தும் கையேடு அது. தமிழ் அச்சின் முதற்கட்ட நூல்களுள் ஒன்று, ஒருவர் தம் குற்றத்தைத் தம் தாய்மொழியில் சொல்வதற்கென்றே உருவானது என்பது குறிப்பிடத்தக்கது.

வகையும் முறையும்

பழைய ஞானோபதேச நூல்கள் பாவத்தைச் சாவான பாவம், அற்ப பாவம் என இரண்டாகப் பிரித்தன. சாவான பாவத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டும்: பாவங்களை நினைவுகூர்தல், மனஸ்தாபப்படுதல், இனிச் செய்வதில்லை எனப் பிரதிக்கினை செய்தல், குருவிடம் சொல்லுதல், அவர் விதிக்கும் அபராதம் தீர்த்தல். வருபவர் முழந்தாளிட்டுச் சிலுவை அடையாளம் வரைந்து, கடைசியாக எப்போது பாவசங்கீர்த்தனம் செய்தார் என்று கூறித் தொடங்குவார். அபராதம் பெரும்பாலும் இயேசு கற்பித்த பரலோக மந்திரத்தைச் சில முறை சொல்வதோடு முடியும்.

மன்னிப்புப் பெற்ற பின்னும் அதே பாவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வரும் மனக்கலக்கம் நெடுங்காலமாக அறியப்பட்டதே. அத்தகையவர் ஒரே குருவிடம் சென்று அவர் சொல்லுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது அல்போன்ஸ் லிகோரியார் போன்றோர் காட்டிய வழி. மன்னிப்பு உண்டா என்பதைப் பாவியின் உணர்ச்சி தீர்மானிப்பதில்லை என்பதே திருச்சபையின் நிலை.

பிற மரபுகள்

சீர்திருத்த சபையார் பெரும்பாலும் கடவுளிடம் நேராக அறிக்கையிடுகின்றனர். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை செல்லும் பக்தர்கள், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளை ஐயப்பனிடம் பொறுக்க வேண்டுகின்றனர்.

இன்றைய நிலை

2018-இல் தேசிய மகளிர் ஆணையம் பாவசங்கீர்த்தனத்தை ஒழிக்கப் பரிந்துரைத்தது. கேரளத் திருச்சபைகள் எதிர்த்தன, வழக்கம் தொடர்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியில் சொல்லும் குரு, 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி சபை விலக்குக்கு உள்ளாவார்.