அந்தப் 'பிறர்' யார்?

1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294ஆம் பிரிவு, பொது இடத்து ஆபாசப் பாட்டையும் பேச்சையும்தான் தண்டித்தது. 'செயல்' என்று உடலும் உள்ளே வந்தது 1895 திருத்தத்தில். மாறாத நிபந்தனை ஒன்று: 'பிறருக்குத் தொல்லை'. 2024இல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவிலும் அது இருக்கிறது.

ஆய்க்குடியிலிருந்து நாங்கள் குளிக்கப் போகும் குற்றாலத்தில் ஈரத்துணியோடு அத்தனை உடல்கள், யாருக்கும் தொல்லையில்லை. இருட்டில் ஏதோ ஒரு குளத்தங்கரையில் ரெண்டு பேர் உட்கார்ந்தால் 'இங்க என்னலே சோலி?' என்று லத்தி வரும். ஆளில்லாத இடத்தில் 'பிறர்' யார்? போலீஸின் கண் மட்டும்தான் என்கிறேன் நான்.

உண்மையில் மிரட்டுவது பிரிவு அல்ல, 'வீட்டுல சொல்லிருவேன்' என்ற பேச்சு. 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதோ வேறு: கைதானவர் தன் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தரச் சொல்லலாம். அது அவருடைய உரிமை, போலீஸின் ஆயுதம் அல்ல. கைதுக்குக் காரணம் கேட்பதும் அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு தந்த உரிமைதான். கேட்போமே.