தொடாமல் முழங்காலை மடக்குவது எப்படி?

முழங்கால் மூட்டை மாற்றும் அறுவை முடிந்து வீடு திரும்பியவருக்கு அடுத்த சில வாரங்கள் மிக முக்கியமானவை. அந்நாட்களில் காலை மடக்கி நீட்டிப் பழகாவிட்டால் மூட்டு இறுகிவிடும். நாற்காலியிலிருந்து எழுவதற்கே முழங்கால் ஏறத்தாழ 90 பாகையாவது மடங்கியாக வேண்டும். இப்பயிற்சியை அளிப்பவர் பிசியோதெரபிஸ்ட் எனப்படும் இயன்முறை மருத்துவர். அவர் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால்?

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. 17 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த அம்மாநிலத்தின் தலைநகர் பிரிஸ்பேன், தென்கிழக்கு மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது. தொலைவிலிருந்து மருத்துவம் பார்ப்பது அங்கே பழைய கதைதான். 1928இல் குளோன்கரி என்ற ஊரிலிருந்து விமான மருத்துவச் சேவை தொடங்கியது. மறு ஆண்டே ஆல்பிரட் டிரேகர் அமைத்த வானொலிக் கருவி பண்ணை வீடுகளுக்கு வந்தது. சைக்கிள் மிதிப்பதுபோல் மிதித்து மின்சாரம் உண்டாக்கிப் பேசினார்கள்! 1942 முதல் மருந்துப் பெட்டிகளும் வைக்கப்பட்டன. மருந்துகளுக்கு எண் உண்டு. "இன்ன எண் மருந்தைக் கொடுங்கள்" என்று மருத்துவர் சொன்னால் போதும்.

மருந்துக்கு எண் இடலாம்; கைக்கு இட முடியுமா? இயன்முறை மருத்துவம் கையில் பிறந்த தொழில். பிரிட்டனில் அதற்கு வித்திட்டது 1894இல் லண்டனில் நான்கு செவிலியர் தொடங்கிய, பயிற்சி பெற்ற மசாஜ் மகளிருக்கான சங்கம். மூட்டின் சூடு, வீக்கம், இறுக்கம் ஆகியவற்றை விரல்களே சொல்லும். ஆகவே தொடாத சிகிச்சை என்றதும் இத்துறையினர் தயங்கியதில் வியப்பில்லை.

குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் டிரெவர் ரசலும் அவர் குழுவினரும் இத்தயக்கத்தையே சோதனைக்கு உட்படுத்தினர். திரையில் தெரியும் காலின் படத்திலிருந்து மூட்டின் கோணத்தை அளந்தனர். 2011இல் வெளியான அவர்களது ஆய்வில் 65 பேர் பங்கு கொண்டனர். ஒரு பிரிவினருக்கு நேரிலும், மற்றவர்களுக்கு இணையம் வழியாகவும் ஆறு வாரப் பயிற்சி. இணையப் பிரிவினர் பின்தங்கவில்லை. கனடாவின் கியூபெக்கில் 205 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு, 2015இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது.

சான்று இருந்தும் ஆயத்தம் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் சிகிச்சைக் கூடங்கள் மூடப்பட்டபோது இது வெளிப்பட்டது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடாகிய மெடிகேர், காணொலிச் சிகிச்சைக்குக் கட்டணம் பெறத்தக்கோர் பட்டியலில் இவர்களைச் சேர்த்திருக்கவில்லை. ஏப்ரல் 30இல்தான் நெருக்கடிக்காலச் சலுகையாக அனுமதித்தது. காமிராவின்மேல் பழி போட இடமில்லை.

சட்டம் வழிவிட்ட பிறகும் கற்க வேண்டியது நிறைய இருந்தது. காமிராவைப் பக்கவாட்டில் வைக்கச் சொல்லாவிட்டால் மூட்டின் கோணம் சரியாகத் தெரியாது. விரல் செய்த வேலையைச் சொல் செய்ய வேண்டும்: "உங்கள் புறங்கையை இரு முழங்கால்களிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள், எது சூடாக இருக்கிறது?" நோயாளி தடுமாறினால் தாங்கிப் பிடிக்க மருத்துவர் அருகில் இல்லை. எனவே நிற்கும் பயிற்சிக்கு முன், பக்கத்தில் ஒருவர் இருக்கிறாரா, பற்றிக்கொள்ள உறுதியான மேசை உண்டா என்று கேட்டறிந்தாக வேண்டும்.